முதலில் கம்பி, பிறகு வண்டி: ஃபாஸ்ட் சார்ஜிங் ஸ்டேஷன்களின் முன்கதை



பெட்ரோல் விலை பற்றிப் பேச்செடுத்தால் இப்போதெல்லாம் யாராவது ஒருவர் "பேசாமல் எலெக்ட்ரிக் வண்டி வாங்கிவிடலாம்" என்கிறார். பக்கத்தில் இருப்பவர் உடனே "வாங்கலாம், எங்கே போய் சார்ஜ் போடுவது?" என்கிறார். அதோடு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. அந்த இரண்டாவது கேள்வியைத்தான் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் விரித்துப் பார்க்கப்போகிறேன். அதற்குப் பின்னால் 130 வருடக் கதை இருக்கிறது.

பி.காம் படிக்கிறவனுக்கு டிரான்ஸ்பார்மரில் என்ன வேலை என்று கேட்கலாம். மின்சாரத்தின் வரலாறு பாதி இயற்பியல் என்றால் மீதிப் பாதி கணக்குப்பதிவியல். யார் காசில் கம்பி இழுப்பது, போட்ட காசு எப்போது திரும்பும் என்ற இரண்டு கேள்விகள்தான் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. அவை எங்கள் பாடம் :-)

சாலை வந்துவிட்டது

எங்கள் திருப்பனந்தாள், தஞ்சாவூர் மாவட்டம் திருவிடைமருதூர் வட்டத்தில் இருக்கும் ஒரு பேரூராட்சி. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்வதென்றால், காசித் திருமடம் இருக்கும் ஊர். குங்கிலியக்கலய நாயனார் சாய்ந்த லிங்கத்தை நிமிர்த்தியதாகச் சொல்லப்படும் ஊர். பஸ்ஸில் போகிறவர்களுக்குச் சொல்வதென்றால், கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் போகும்போது சோழபுரத்துக்கும் அணைக்கரைக்கும் நடுவில் வரும் ஊர்.

இந்த வழி விக்கிரவாண்டி, சேத்தியாத்தோப்பு, கும்பகோணம், தஞ்சாவூர் என்று போகும் 36-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. வேலை எப்போது முடியும் என்று வருடக்கணக்கில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். அதில் சேத்தியாத்தோப்பு முதல் சோழபுரம் வரையிலான 50 கிலோமீட்டர் நான்கு வழிச்சாலையை 2025 ஜூலை 26 அன்று தூத்துக்குடியில் நடந்த விழாவில் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். செலவு 2,350 கோடி ரூபாய்க்கு மேல். மூன்று புறவழிச் சாலைகள், ஏழு மேம்பாலங்கள், கொள்ளிடத்தின் குறுக்கே ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நான்கு வழிப் பாலம். 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையின் குறுகிய பாலத்தில் வரிசையில் நின்று பழகியவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சாலை வந்தால் ஓட்டல் வரும், பெட்ரோல் பங்க் வரும், சார்ஜிங் ஸ்டேஷனும் வரும் என்கிறார்கள். மத்திய மின்துறை அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதைத்தான் சொன்னது. நெடுஞ்சாலையின் இரு பக்கங்களிலும் 25 கிலோமீட்டருக்கு ஒரு பொது சார்ஜிங் ஸ்டேஷன், நீண்ட தூர வண்டிகளுக்கு 100 கிலோமீட்டருக்கு ஒரு ஃபாஸ்ட் சார்ஜிங் ஸ்டேஷன். ஆனால் சார்ஜர் மெஷின் லாரியில் ஒரே நாளில் வந்து இறங்கிவிடும். அதுவரை மின்சாரம் வந்து சேருவதுதான் பெரிய வேலை. எப்போதுமே அப்படித்தான் இருந்திருக்கிறது. கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

டிராமுக்கு சார்ஜ் போடும் கவலை இல்லை

தமிழ்நாட்டில் மின்சார வண்டி புதிது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1895 மே 7 அன்றே சென்னையில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்துவிட்டது. இந்தியாவிலேயே அதுதான் முதல் மின்சார டிராம். லண்டன் மாநகரத் தெருக்களில் மின்சார டிராம் சேவை வருவதற்கு முன்பே நம் சென்னையில் ஓடியிருக்கிறது!

ஆரம்பத்தில் அதற்கான மின்கம்பியை சாலைக்கு அடியில் பள்ளம் அமைத்து அதற்குள் பதித்தார்கள். சென்னை மழையைப் பற்றி நமக்குத் தெரியாதா? பிற்பாடு அந்த முறையைக் கைவிட்டு, தலைக்கு மேலே கம்பி இழுத்து ஓட்டினார்கள். 1953 ஏப்ரலில் கம்பெனி நஷ்டத்தில் மூடப்படும் வரை டிராம் ஓடியது. இதற்கிடையே 1931 மே மாதத்தில் சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயிலும் வந்துவிட்டது.

இந்த இரண்டையும் பார்த்தால் ஒன்று புரியும். டிராமுக்கும் ரயிலுக்கும் "எங்கே சார்ஜ் போடுவது" என்ற கேள்வியே எழவில்லை. தண்டவாளமும், மேலே போகும் கம்பியும், வண்டியும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருந்தன. வண்டி எங்கே போகுமோ அங்கே முதலில் கம்பியை இழுத்துவிட்டுத்தான் வண்டியை விட்டார்கள். இன்றைக்குக் கார் ஒருவருடையது, சார்ஜர் இன்னொருவருடையது, இடம் மூன்றாமவருடையது, கம்பி மின்வாரியத்தினுடையது. நான்கு பேரும் மற்றவர் முதலில் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். இன்றைய சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பாட்டிலில் அடைக்க முடியாத சரக்கு

நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பேட்டரி கார்கள் நிறையவே ஓடின. சத்தம் இல்லை, புகை இல்லை, முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்ப வேண்டியதில்லை. 1912-இல் பெட்ரோல் கார்களுக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்ததும் அந்த வசதி பெட்ரோல் காருக்கும் கிடைத்துவிட்டது.

பெட்ரோல் ஜெயித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெட்ரோலைத் தகர டின்னில் அடைத்து எந்த ஊருக்கும் அனுப்பலாம். கம்பி வேண்டாம், கம்பம் வேண்டாம். நம் கிராமங்களில் பெட்டிக்கடை வாசலில் பாட்டிலில் பெட்ரோல் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சட்டப்படி தவறுதான். ஆனால் வழியில் வண்டி நின்றுபோனவருக்கு அந்த பாட்டில்தான் கடவுள். மின்சாரத்தை அப்படி பாட்டிலில் அடைத்துத் தொங்கவிட முடியாது. அது போகும் இடத்துக்கெல்லாம் கம்பி முன்னால் போயிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அமெரிக்காவிலேயே கிராமங்களுக்கு மின்சாரம் எட்டவில்லை. அதனால் எலெக்ட்ரிக் கார் நகரத்தை விட்டு வெளியே வர முடியாமல் போனது.

இந்தியாவிலும் முயற்சிகள் நடந்தன. 1993-இல் "லவ்பேர்ட்" என்று இரண்டு பேர் உட்காரும் ஒரு எலெக்ட்ரிக் கார் வந்தது. கேரளாவின் சாலக்குடியிலும் நம் கோயம்புத்தூரிலும் தயாரானது. லெட்-ஆசிட் பேட்டரி, சார்ஜ் ஏற எட்டு மணி நேரம். 2001-இல் பெங்களூரிலிருந்து "ரேவா" வந்தது. இரண்டுமே இரவில் வீட்டில் சார்ஜ் போட்டு பகலில் ஊருக்குள் ஓட்டும் வண்டிகள். வீட்டுக் கம்பியைத் தாண்டி அவற்றால் அதிக தூரம் போக முடியவில்லை.

மேட்டூரிலிருந்து வயலுக்கு

சரி, இப்போது டெல்டாவுக்கு வருவோம். இங்கே கம்பி எப்படி வந்தது?

1932-இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்க ஆரம்பித்தது. அந்த மின்சாரத்தை வாங்கக் கோயம்புத்தூர் பஞ்சாலைகள் தயாராக இருந்தன. போட்ட காசு வரும் என்று தெரிந்ததால் கம்பி வேகமாகப் போனது. அடுத்தது மேட்டூர். 1934 ஆகஸ்டில் அணை திறக்கப்பட்டது. 1937-இல் அணையின் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. தலா 10 மெகாவாட் திறனுள்ள மூன்று இயந்திரங்கள் முதலில், நான்காவது 1946-இல். அங்கிருந்து சேலம், திருச்சி, தஞ்சாவூர் பக்கமெல்லாம் கம்பி வந்தது. மேட்டூர் என்றால் நமக்கு ஜூன் 12-ம் தண்ணீரும்தான் ஞாபகம் வரும். அதே தண்ணீர் போகிற போக்கில் டர்பைனையும் சுற்றிவிட்டுத்தான் வந்தது.

ஆனால் கோயம்புத்தூர்போல் டெல்டாவில் மின்சாரத்துக்குத் தேவை இல்லை. அங்கே கிணற்றிலிருந்து இறைத்தாக வேண்டும். இங்கே வாய்க்காலைத் திறந்தால் தண்ணீர் தானாக வயலுக்குப் போகும். பம்புசெட் எதற்கு? ஆக இங்கே மின்சாரம் வாங்கியவை ரைஸ் மில்லும், தெருவிளக்கும், சினிமா கொட்டகையும்தான்.

இந்த இடத்தில் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். ஜே.சி. குமரப்பா. 1892-இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து ஆடிட்டராகத் தொழில் செய்து, பிறகு காந்தியோடு சேர்ந்தவர். நெல் விளையும் மண்ணில் பிறந்த இவர்தான் ரைஸ் மில்லைக் கடுமையாக எதிர்த்தார். மில் அரிசியில் சத்து போகிறது, கைக்குத்தலை நம்பியிருந்த பெண்களுக்கு வேலை போகிறது என்பது அவர் வாதம். மில் வேண்டாம் என்று இன்றைக்கு யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு ஆடிட்டர் கேட்ட அந்தக் கேள்வி இன்னும் பழசாகவில்லை: புது மெஷின் வந்தால் வரவு யார் கணக்கில், பற்று யார் கணக்கில்?

1957 ஜூலை 1 அன்று மாநில மின்வாரியம் தொடங்கியது. 1962-இல் நெய்வேலி அனல்மின் நிலையம் வந்தது. பக்கத்தில் குத்தாலத்தில் 2003-04-இல் இயற்கை எரிவாயுவில் ஓடும் 101 மெகாவாட் நிலையம் வந்தது. நம் மண்ணுக்கு அடியில் இருந்த வாயுவிலிருந்தே மின்சாரம். ஆனால் பக்கத்தில் மின் நிலையம் இருப்பதும் நம் தெருவில் கம்பி இருப்பதும் வேறு வேறு. நெய்வேலியில் எடுக்கும் மின்சாரம் பெரிய லைனில் ஏறி எங்கெங்கோ போகிறது. நம் தெருவுக்கு வருவது சப்-ஸ்டேஷனும் டிரான்ஸ்பார்மரும் தாங்கும் அளவுதான்.

காவிரித் தண்ணீர் நிச்சயமில்லாமல் போன பிறகு டெல்டாவிலும் போர் செட்டும் ஃபில்டர் பாயிண்டும் பெருகின. 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. 2012-இல் ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கப்படாமல் போனபோது அரசு அறிவித்த குறுவை சிறப்புத் தொகுப்பில் முக்கியமான அம்சம் என்ன தெரியுமா? டெல்டாவுக்குப் பன்னிரண்டு மணி நேரம் மும்முனை மின்சாரம். அது தமிழ்நாடே மின்வெட்டில் தவித்த வருடம். வாய்க்காலை நம்பியிருந்த பூமி, த்ரீ பேஸ் கரண்டை நம்பும் பூமியாக மாறிவிட்டது.

இந்த மும்முனை மின்சாரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்ட் சார்ஜருக்கும் அதேதான் வேண்டும்.

டெல்டாவைத் தவிர்த்துப் போகும் பாதைகள்

இன்னொரு விஷயம். நல்ல வசதிகள் பெரும்பாலும் டெல்டாவைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுத்தான் போயிருக்கின்றன. சென்னையிலிருந்து தெற்கே போகும் பழைய ரயில் பாதை மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத்தான் போனது. அதனால்தான் அதற்கு மெயின் லைன் என்று பெயர். 1929-இல் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்கு நேராக கார்டு லைன் வந்ததும் வேகமான ரயில்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. மெயின் லைன் பேரில் மட்டும் மெயின் லைன்!

மின்மயத்திலும் அதே கதை. கார்டு லைனில் மின்சார எஞ்சின்கள் ஓட ஆரம்பித்துப் பல வருடம் கழித்து, 2021 பிப்ரவரி 14 அன்றுதான் விழுப்புரம்–கடலூர்–மயிலாடுதுறை–தஞ்சாவூர், மயிலாடுதுறை–திருவாரூர் பாதைகளின் மின்மயம் தொடங்கி வைக்கப்பட்டது. 228 கிலோமீட்டர், 423 கோடி ரூபாய். சென்னையில் மின்சார ரயில் வந்து 90 வருடம் கழித்து!

கார் விஷயத்திலும் அடையாளம் தெரிகிறது. 2022-இல் பாரத் பெட்ரோலியம் நிறுவனம் தன் முதல் ஃபாஸ்ட் சார்ஜிங் நெடுஞ்சாலைப் பாதையைத் தொடங்கியது. எங்கே? சென்னை–திருச்சி–மதுரை சாலையில். சுமார் 100 கிலோமீட்டருக்கு ஒன்று என்று பங்க்குகளில் சார்ஜர் வைத்தார்கள். வியாபாரமாகப் பார்த்தால் சரியான முடிவுதான், வண்டி ஓட்டம் அங்கேதான் அதிகம். ஆனால் கார்டு லைன், மெயின் லைன் கதை மறுபடி நடக்கிறதே என்று டெல்டாக்காரனுக்குத் தோன்றாமல் இருக்குமா?

ஸ்டேஷன் எப்படி எழும்புகிறது?

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பீரோ அளவு பெட்டி, அதிலிருந்து தொங்கும் தடித்த கேபிள், பெட்ரோல் பம்ப் போல ஒரு கன். அவ்வளவுதான் சார்ஜிங் ஸ்டேஷன் என்று தோன்றும். அதற்குப் பின்னால் இருக்கும் வரிசையைப் பார்ப்போம்.

ஊர் சப்-ஸ்டேஷனிலிருந்து 11 கே.வி. லைன் கம்பங்களில் வருகிறது. சிறிய ஸ்டேஷன் என்றால் வாரியத்தின் டிரான்ஸ்பார்மரிலிருந்தே இணைப்பு கிடைக்கும். பெரியது என்றால் தனியாக எச்.டி. இணைப்பு. இரட்டைக் கம்பம் நட்டு அதில் ஏ.பி. சுவிட்ச், இடிதாங்கி, பியூஸ் வைத்து, மீட்டர் வைத்து, சொந்த டிரான்ஸ்பார்மருக்குக் கொண்டுவர வேண்டும். டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்கும். அங்கிருந்து பேனல் போர்டு, அதற்குள் பிரேக்கர்கள். பிறகு தரைக்கு அடியில் கவசக் கேபிள். கடைசியில்தான் சார்ஜர்.

சார்ஜருக்குள் இருக்கும் மாட்யூல்கள் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றி நேராக பேட்டரிக்கு அனுப்புகின்றன. வீட்டில் சார்ஜ் போடும்போது இந்த மாற்றும் வேலையை வண்டிக்குள் இருக்கும் சின்னக் கருவி செய்கிறது. அதனால்தான் நேரம் எடுக்கிறது. 40 யூனிட் பேட்டரியை 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு ஏற்ற 28 யூனிட் வேண்டும். வீட்டில் 3.3 கிலோவாட்டில் எட்டரை மணி நேரம். 60 கிலோவாட் சார்ஜரில் கணக்குப்படி அரை மணி நேரம்தான். வண்டி அவ்வளவு வேகமாக வாங்கிக்கொள்ளுமா என்பதைப் பொறுத்து அது ஒரு மணி நேரமும் ஆகலாம்.

இப்போது இன்னொரு கணக்கு. 5 எச்.பி. மோட்டார் என்பது சுமார் 3.7 கிலோவாட். அப்படியானால் ஒரு 60 கிலோவாட் சார்ஜர் பதினாறு பம்புசெட்டுக்குச் சமம். ஊரில் நாம் பார்க்கும் 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை ஒரே மெஷின் எடுத்துக்கொள்ளும். "இருக்கிற டிரான்ஸ்பார்மரிலேயே மாட்டிக்கொள்ளலாமே" என்பது ஏன் நடக்காது என்று இப்போது புரியும்.

கட்டுமானம் என்று பார்த்தால் மேடை கட்டுவது, கேபிள் பள்ளம் வெட்டி மணல் போட்டு மூடுவது, எர்த் பிட் தோண்டுவது, மேலே கூரை போடுவது. இதெல்லாம் கொத்தனாருக்குச் சில வார வேலை. ஆனால் டெல்டாவில் களிமண் பூமி, ஐப்பசி கார்த்திகையில் முழங்கால் தண்ணீர். சாலைக்கு அடியில் பதித்த டிராம் கம்பி பட்ட பாட்டை மறந்துவிட்டு இங்கே மேடையைத் தாழ்வாகக் கட்டினால் முதல் மழையிலேயே பாடம் கிடைக்கும். எல்லாம் முடிந்த பிறகு எச்.டி. இணைப்பென்றால் மின் ஆய்வாளர் பார்த்து பாதுகாப்புச் சான்று தர வேண்டும். அதன் பிறகுதான் லைன் சார்ஜ் ஆகும். பளபளவென்று மெஷின் நின்றுகொண்டிருக்கும், ஆனால் ஓடாது என்ற காட்சிக்குக் காரணம் பெரும்பாலும் மெஷின் இல்லை; அதற்கு முந்தைய இந்த வரிசையில் ஏதோ ஒரு கண்ணி.

கம்பி எவ்வளவு முக்கியம் என்பதை டெல்டா 2018 நவம்பரில் பார்த்துவிட்டது. கஜா புயலில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. செல்போனுக்கு சார்ஜ் போடவே ஜெனரேட்டர் வைத்திருந்த வீட்டைத் தேடிப் போன நாட்கள் அவை. இனி வண்டியும் அதே கம்பியை நம்பித்தான் ஓடப்போகிறது என்றால், கம்பத்தின் பலமும் போக்குவரத்தின் ஒரு பகுதிதான்.

அரசாங்கம் கற்றுக்கொண்ட பாடம்

மத்திய அரசின் ஃபேம் திட்டம் 2015 ஏப்ரலில் தொடங்கியது. 2019 ஏப்ரலில் 10,000 கோடி ரூபாயில் இரண்டாம் கட்டம் வந்தது. அதில் சார்ஜிங் வசதிக்கு 1,000 கோடி. இதற்கு நடுவே பிளக் குழப்பம் வேறு. 2017-இல் "பாரத்" சார்ஜர் என்று 15 கிலோவாட் டி.சி. தரம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பிறகு வந்த கார்களோ சி.சி.எஸ்.-2 என்ற வேறு பிளக்கோடு வந்தன. வைத்த மெஷின் ஒன்று, வந்த வண்டி ஒன்று.

சட்டத்தில் ஒரு முக்கியமான முடிச்சு 2018 ஏப்ரலில் அவிழ்ந்தது. வண்டிக்கு சார்ஜ் போடுவது மின்சார விற்பனை இல்லை, அது ஒரு சேவை, அதற்கு லைசென்ஸ் வேண்டாம் என்று மின்துறை அமைச்சகம் விளக்கியது. அதன் பிறகுதான் ஓட்டல்காரரும் பங்க் முதலாளியும் தைரியமாக உள்ளே வர முடிந்தது. தமிழ்நாடு அரசு 2019 செப்டம்பரில் மின் வாகனக் கொள்கையை வெளியிட்டு, 2023 பிப்ரவரியில் அதைத் திருத்தியது.

2023 மார்ச்சில் மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்களுக்கு 800 கோடி ரூபாய் ஒதுக்கி 7,432 ஃபாஸ்ட் சார்ஜிங் நிலையங்கள் அமைக்கச் சொன்னார்கள். 2024 அக்டோபரில் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங் நிலையங்களுக்கு மட்டும் 2,000 கோடி. 2025 செப்டம்பரில் வந்த அதன் விதிமுறையைப் பார்த்தால், மானியம் சார்ஜர் மெஷினுக்கு ஒரு மாதிரியும், அதற்கு முன்னால் வரும் டிரான்ஸ்பார்மர், கேபிள் போன்றவற்றுக்குத் தனியாகவும் கணக்கிடப்பட்டிருக்கிறது. இடம் யாருடையது என்பதைப் பொறுத்து அந்த முன்வரிசைச் செலவில் 80 சதவீதம் முதல் முழுத் தொகை வரை கிடைக்கும். சில இடங்களில் மெஷினுக்கு மானியமே கிடையாது, முன்வரிசைக்கு மட்டும்தான். பத்து வருடம் கழித்து கதை பழைய இடத்துக்கே வந்துவிட்டது: முதலில் கம்பி!

ஏன் மானியம் இல்லாமல் நடக்காது? காஸ்ட் அக்கவுண்டிங் மாணவனாகச் சொல்கிறேன். டிரான்ஸ்பார்மரும் கேபிளும் நிலையான செலவு. ஒரு கார் வந்தாலும் நூறு கார் வந்தாலும் அதே செலவு. 60 கிலோவாட் சார்ஜர் நாள் முழுக்க ஓடினால் 1,440 யூனிட் தரும். ஐந்து கார்கள் வந்து தலா 28 யூனிட் ஏற்றிக்கொண்டால் 140 யூனிட். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த நிலையில் பிரேக் ஈவன் எங்கே வரும்? கார் வந்தால் ஸ்டேஷன் வைப்பேன் என்று ஒருவர், ஸ்டேஷன் வந்தால் கார் வாங்குவேன் என்று இன்னொருவர். யாராவது ஒருவர் நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு முன்னால் வரவேண்டும். வயலுக்குக் கம்பி இழுத்தபோது அந்த "யாராவது" மின்வாரியமாக, அதாவது பொதுமக்கள் பணமாக இருந்தது. இப்போதும் பெருமளவு அப்படித்தான்.

யார் வரிசையில் முதலில்?

பொதுப்பணம் என்று வந்துவிட்டால் குமரப்பாவின் கேள்வியைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, கிராமப்பகுதியில் புது இணைப்பு 15 நாளில் தரவேண்டும். வண்டி சார்ஜ் செய்வதற்குத் தனி இணைப்பு கேட்டாலும் அதே கெடு. புது லைன், புது டிரான்ஸ்பார்மர் தேவைப்பட்டால் கூடுதல் நாளாகும். நல்ல விதிதான். ஆனால் இதே மாநிலத்தில் 5 எச்.பி. மோட்டாருக்கு இணைப்பு கேட்டுப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த விவசாயிகள் உண்டு. 2021 செப்டம்பரில் ஒரு லட்சம் புது விவசாய இணைப்புகள் என்றும், 2022 நவம்பரில் மேலும் 50,000 என்றும் அரசு தனித் திட்டமே போட வேண்டியிருந்தது.

இதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. விவசாய மின்சாரம் இலவசம். ஒவ்வொரு இணைப்பும் வாரியத்துக்குச் செலவு. சார்ஜிங் ஸ்டேஷன் யூனிட்டுக்குக் காசு கட்டும். எந்தக் கணக்குப்பிள்ளையைக் கேட்டாலும் காசு கட்டுகிறவருக்கு முதலில் கொடு என்றுதான் சொல்வார். பைக்காராவின் கம்பி பஞ்சாலையைத் தேடிப் போனதும் அதே கணக்கில்தான். ஆனால் வாரியம் அந்த ஒரே கணக்கோடு நின்றிருந்தால் டெல்டாவின் கடைசிக் கிராமத்துக்குக் கரண்ட் வந்தே இருக்காது.

சார்ஜிங் ஸ்டேஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும், சீக்கிரமே வேண்டும். வண்டித் தொழிற்சாலைகள் நம் மாநிலத்தில் நிறைய இருக்கின்றன. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின் ஸ்கூட்டர் தயாராகிறது. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலை திறந்தது. அதே வருடம் ஜூன் 30 அன்று சென்னையில் 120 மின்சாரப் பேருந்துகள் ஓட ஆரம்பித்தன. சாலையும் வந்துவிட்டது. மிச்சம் இருப்பது கம்பிதான்.

ஆனால் அந்தக் கம்பி எங்கே போய் நிற்கும்? நான்கு வழிச்சாலை ஊர்களைச் சுற்றிக்கொண்டு போகிறது. புறவழிச் சாலையில் மட்டும் ஃபாஸ்ட் சார்ஜர் வைத்தால், அது சென்னையிலிருந்து தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போகிறவர் அரை மணி நேரம் நின்று காபி குடித்துவிட்டுப் போகும் இடம். நம் ஊர்க்காரரின் வண்டி கார் இல்லை. ஸ்கூட்டரும், ஆட்டோவும், நெல் மூட்டை ஏற்றும் மினி லோடு வண்டியும். அவற்றுக்கு 60 கிலோவாட் தேவையே இல்லை. கடைத்தெருவிலும் பஸ் ஸ்டாண்டிலும் மருத்துவமனை வாசலிலும் 3.3 கிலோவாட் சார்ஜர் நாலைந்து வைத்தால் போதும். இருசக்கர வண்டிகளுக்கென்று 2023-இல் நம் நாட்டுத் தர நிறுவனமே ஒரு பொது பிளக்கையும் அறிவித்துவிட்டது.

இன்னொன்றும் செய்யலாம். நெடுஞ்சாலை சார்ஜருக்காகப் பொதுப்பணத்தில் புது லைனும் டிரான்ஸ்பார்மரும் வரும்போது, அதன் அளவை ஒரு படி கூட்டிப் போட்டால், பக்கத்தில் குறைந்த அழுத்தத்தில் தவிக்கும் தெருவுக்கும் மோட்டாருக்கும் அதையே பங்கு வைக்கலாம். கம்பம் நடுகிற கூலி ஒன்றுதான். குறுவை நேரத்தில் பகலில் மோட்டாருக்கும் இரவில் வண்டிக்கும் என்று நேரம் பிரித்துக் கட்டணம் வைத்தால் ஒரே டிரான்ஸ்பார்மர் இரண்டு வேலை செய்யும். மேட்டூர்த் தண்ணீர் டர்பைனையும் சுற்றிவிட்டு வயலுக்கும் வரவில்லையா?

அடுத்த முறை சாலையோரத்தில் புது சார்ஜரைப் பார்த்தால் மெஷினை மட்டும் பார்க்காதீர்கள். அதற்குப் பின்னால் போகும் கம்பியைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். அது ஸ்டேஷனோடு நின்றுவிடுகிறதா, ஊருக்குள்ளும் வருகிறதா என்று தெரிந்துவிடும்.